எதிர்காற்று

பம்மலிலிருந்து நமது கலாசாலைக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம். நாகல்கேணி வழியாகக் குரோம்பேட்டையை அடைந்து, ஜி. எஸ். டி. ரோட்டில் தெற்கு நோக்கித் திரும்பினால், சானடோரியம் தாண்டித் தாம்பரம் வந்துவிடும். மற்ற மாதங்களில் இஃது ஒரு தூரமே அன்று. ஆனால் ஆனி ஆடி மாதங்களில், காலை வேளையில், தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இந்த ரோட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் 8 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது தெரியும். புழுதியும், லாரிப் புகையும், பதனிடும் தோலின் வாடையும் அந்தக் காற்றோடு சேர்ந்து வரும்.

1986ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நான் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குச் சென்றபோது, மஞ்சட்காமாலை கண்டு குணமாகி மூன்று வாரமே ஆகியிருந்தது. மாடிப்படி ஏறினாலே கால்கள் நடுங்கும். வைத்தியர் ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார். வருகைக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. தினந்தோறும் பஸ்ஸுக்குக் கொடுக்க வீட்டு நிலைமையும் இடந்தரவில்லை. மாலையில் காற்று முதுகுப்புறமாக இருக்கும், தனியே திரும்பிவிடலாம். காலைப் பிரயாணத்துக்கு என்ன செய்வது? அப்போது என் தமையனார் ஓர் ஏற்பாடு செய்தார். அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்க்குலிஸ் வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஏறிக்கொண்டு அவர் முன்னே செல்வது; அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில், அவருடைய அகன்ற முதுகின் மறைவில், நான் பின்னே செல்வது.

“தம்பி, நீ ரோட்டைப் பார்க்காதே. என் பின்சக்கரத்தைப் பார். ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார்.

அவர் வேலை பார்த்தது நாகல்கேணியில் ஒரு தோல் பதனிடும் சாலையில். அதாவது வேலைக்குச் செல்லும் இடத்தைத் தாண்டி, கலாசாலை வாயில் வரையில் என்னோடு வந்து, மறுபடி அவ்வளவு தூரமும் திரும்பிச் செல்வார். வாயிலுக்குள் ஒருநாளும் அவர் நுழைந்ததில்லை. வண்டியைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் மரங்களை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு ஒரு காரணம் உண்டு. 1980ஆம் வருஷத்தில் மேல்நிலைத் தேர்வில் நல்ல எண்கள் பெற்றுத் தேறிய அவருக்கு இக்கலாசாலையிலேயே சரித்திர வகுப்பில் இடங்கிடைத்திருந்தது. சேர வேண்டிய தேதிக்குப் பதினொரு நாள் முன்பாக எங்கள் தந்தையார் காலமானார். சேர்க்கை அட்டை தகரப் பெட்டிக்குள் சென்றது. தமையனார் தோற்சாலைக்குச் சென்றார்.

நிற்க. இக்கட்டுரையை நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்க தேசத்துச் சைக்கிள் பந்தயங்களைப் பற்றியது. குடும்பக் கதையை முன்னே வைத்ததற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எனக்கு இவ்விரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தன. இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு பிற்பகல், நமது நூல்நிலையத்தின் பத்திரிகை அறையில், ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் இரண்டு மனிதர்கள் சைக்கிளில் அமர்ந்தபடியே கைகோத்துக்கொண்டு ஒரு மலையுச்சியை அடையும் படத்தைக் கண்டேன். ஒருவர் பெர்னார் ஈனோ என்னும் பிரெஞ்சுக்காரர். மற்றவர் கிரெக் லெமாண்டு என்னும் 25 வயது அமெரிக்கர். பிரான்சு தேசத்தைச் சுற்றி ஜூலை மாதத்தில் நடைபெறும் ‘டூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்தில், அதற்குமுன் ஐரோப்பியரல்லாதார் ஒருவரும் பெறாத முதலிடத்தை அந்த அமெரிக்கர் பெற்றிருந்தார்.

இவ்வகைப் பந்தயம் ஒரே நாளில் முடிவதன்று. ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் புறப்பட்டு வேறோர் ஊரில் முடியும். நாள்தோறும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, முடிவில் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே முதல்வர். எல்லா நாளும் இரண்டாவதாக வந்தவன்கூட முடிவில் வெல்லலாம். இதிலுள்ள நுட்பம் இதுவன்று. சமதரையில் வேகமாகச் செல்லும் சைக்கிளுக்கு முதல் எதிரி காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். முன்னே ஒருவன் சென்றால் அவனுக்குப் பின்னே வருபவனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. ஆகவே குழு குழுவாகச் செல்கிறார்கள். குழுவில் ஒருவனே வெல்லத் தக்கவன் என்று முன்னரே தீர்மானித்துவிட்டு, மற்றவர் யாவரும் அவனுக்காகக் காற்றை வாங்குகிறார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவனுடைய சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருகிறார்கள். பத்திரிகையில் ஒரு பெயர் வருகிறது.

இதை அந்த அறையில் நின்றபடியே படித்தபோது எனக்கு ஏற்பட்ட திகைப்பை எப்படிச் சொல்வேன்! இரண்டு மாதமாகப் பம்மலுக்கும் தாம்பரத்துக்கும் இடையே எங்கள் வீட்டில் ஒரு குழு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அதன்பின் அகப்பட்ட இடத்திலெல்லாம் இவ்விஷயத்தைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாயிற்று. அமெரிக்காவில் இவ்வகைப் பந்தயம் வேரூன்றியது மூலிகைத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றினால் என்றால் நம்புவார் யார்? கொலராடோ மாகாணத்துப் பௌல்டர் நகரில் மோ சீகல் என்பவர் மூலிகைத் தேநீர் வியாபாரம் செய்துவந்தார். செம்பருத்தியினத்துப் பூவைச் சேர்த்த ‘ரெட் ஸிங்கர்’ என்னும் தேநீர் அவருடைய கம்பெனியின் சரக்கு. (பம்மலில் செம்பருத்தி தலைக்கு எண்ணெய் காய்ச்சத்தான் பயன்படும், அதை விற்றுப் பந்தயம் நடத்த எங்களுக்குத் தோன்றவில்லை.) 1975ஆம் வருஷத்தில் அத்தேநீரின் பெயராலேயே பந்தயம் தொடங்கிற்று. 1980 முதல் கூர்ஸ் என்னும் பீர்க் கம்பெனி அதை ஏற்றுக்கொள்ள, ‘கூர்ஸ் கிளாஸிக்’ என்று பெயர் மாறிற்று. தேநீர் பீரான இவ்வதிசயத்தைப் பற்றி நமது மதுவிலக்கு அன்பர்கள் என்ன நினைப்பார்களோ, அறியேன். 1981ஆம் வருஷத்தில் சோவியத் ருஷியாவிலிருந்து, முந்தின வருஷத்து ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்ற சுகோருசென்கோவ் உள்ளிட்ட ஒரு பலமான கோஷ்டி அங்கே வந்தது. 20 வயதான லெமாண்டு அவர்கள் அனைவரையும் வென்றார்.

அதே 1981இல் ஜிம் ஒகோவிச் என்பவர், ‘செவன் இலெவன்’ என்னும் கடைத்தொடரின் பணத்தைக் கொண்டு ஒரு குழுவை அமைத்தார். முந்தின வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் 5 தங்கம் வென்ற எரிக் ஹைடனும் அதில் சேர்ந்தார். ஐந்தே வருஷத்தில், 1986இல், டூர் தெ பிரான்ஸில் ஓடிய முதல் அமெரிக்கக் குழு என்னும் பெயர் அதற்குக் கிடைத்தது. இக்குழு பிரான்சில் அடியெடுத்து வைத்த கதையைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

ஜூலை 5ஆம் தேதி காலையோட்டத்தில் அக்குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டீடா என்னும் கனடா தேசத்தவர் தனியே முந்திச் சென்று, முதல்வனுக்குரிய மஞ்சட் சட்டையைப் பெற்றார். வட அமெரிக்கர் ஒருவர் அச்சட்டையை அணிந்தது அதுவே முதல். அன்று பிற்பகலே குழுக்கள் தனித்தனியாக நேரங்கணக்கிட்டு ஓட வேண்டியிருந்தது. காலையில் வலிமையெல்லாம் செலவழித்துவிட்ட ஸ்டீடாவினால் தொடர முடியவில்லை. குழுவினர் இடையில் விழுந்தும் எழுந்தும் ஓடினர். குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவன் பந்தயத்தினின்றே நீக்கப்படுவான் என்பது விதி. மஞ்சட் சட்டையணிந்தவன் அன்றே நீக்கப்படுவானானால் அவமானத்துக்கு அளவேது? அப்போது கிறிஸ் கார்மைக்கேல், ஜெஃப் பியர்ஸ் என்னும் இருவர் தங்கள் நேரத்தைப் பற்றிக் கவலையின்றிப் பின்தங்கி, அவருக்கு முன்னே காற்றை வாங்கி, அவரை எல்லைக்குள் கொண்டுவந்து சேர்த்தனர். சட்டை போயிற்று, மனிதன் பந்தயத்தில் நின்றான். மறுநாள் அக்குழுவின் டேவிஸ் பின்னி அன்றைய ஓட்டத்தில் முதல்வராக வந்தார். சரித்திரம் பின்னியின் வெற்றியைப் பொன்னெழுத்தில் எழுதுகிறது. எனக்கோ முந்தின நாள் பின்தங்கிய அந்த இருவரையே அதிகம் பிடித்திருக்கிறது.

லெமாண்டு இக்குழுவைச் சேர்ந்தவரல்லர். அவர் ஈனோவின் பிரெஞ்சுக் குழுவில் இருந்தார். 1985இல் ஈனோ கீழே விழுந்து மூக்கெலும்பு முறிந்து, மலைப் பாதையில் தளர்ந்திருந்த சமயத்தில், லெமாண்டு முன்னே சென்றுகொண்டிருந்தார். தலைவர் பின்னால் அருகிலேயே வருகிறார், நீ முந்தாதே என்று குழுவின் வண்டியிலிருந்து அவரைத் தடுத்தார்கள். உண்மையில் தலைவர் இன்னும் வெகுதூரம் பின்னே இருந்தார் என்று லெமாண்டு பிற்காலத்தில் கூறினார். அவர் அன்று கட்டுப்பட்டார். ஈனோ ஐந்தாம் முறை வென்றார். லெமாண்டு 1 நிமிஷம் 42 வினாடி வித்தியாசத்தில் இரண்டாமவர். வெற்றி பெற்றவர் நன்றியோடு ஒரு வாக்குக் கொடுத்தார்: அடுத்த வருஷம் உன் வெற்றிக்காக நான் உழைப்பேன்.

அடுத்த வருஷம் வந்தது. மலைகள் தொடங்கிய நாளே ஈனோ குழுவை விட்டுப் பாய்ந்து சென்று, தம் தோழரைவிட 5 நிமிஷத்துக்கு மேல் முந்தினார். மறுநாளும் பாய்ந்தார், அன்று தளர்ந்தார். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, மற்றக் குழுவினரைக் களைப்படையச் செய்து லெமாண்டுக்கு உதவவே என்று விடையளித்தார். முடிவில் லெமாண்டு 3 நிமிஷம் 10 வினாடி முந்தி வென்றார். நான் கண்ட படம் அந்தப் பூசலின் நடுவே ஒரு நாள் எடுக்கப்பட்டது. கைகோத்திருந்தார்கள் என்பது மெய். ஆயினும் கைகளை மாத்திரமே. ஆகஸ்டு மாதத்தில் இருவரும் அமெரிக்கா சென்று கூர்ஸ் பந்தயத்தில் ஓடினர். அங்கே, லெமாண்டின் சொந்த தேசத்தில், ஈனோ முதல்வர்; லெமாண்டு இரண்டாமவர்.

இந்தக் கதையை அன்றிரவே தமையனாரிடம் சொன்னேன். அன்னையார் அடுப்பங்கரையில் இருந்தார். தமையனார் தோற்சாலையின் சாயம் ஏறிய விரல்களைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“அந்தப் பெரியவன் பொய் சொன்னானா, இல்லை தன்னால் முடியும்வரையில் ஓடாமல் இருக்க முடியவில்லையா?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் மனம் நெகிழ்ந்து, “அண்ணா, நான் பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போய்விடுகிறேன். நீங்கள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கலாசாலைக்குப் போங்கள். அப்போது நான் முன்னே போகிறேன்” என்றேன். அவர் சிரித்தார். சிரித்தார் என்றேனேயொழிய, மறுத்தார் என்று சொல்லவில்லை.

1988ஆம் வருஷம் ஏப்ரலில் நான் பட்டத் தேர்வு எழுதினேன். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் செவன் இலெவன் குழுவின் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் இத்தாலியில் காவியா என்னும் கணவாயைப் பனிப்புயலில் கடந்து, அந்நாட்டுப் பெரும் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கரானார். அதே வருஷத்தோடு கூர்ஸ் பந்தயம் நின்றது. எனக்கு மேற்படிப்புக்கு வெளியூரில் இடங்கிடைத்தது. இன்னும் இரண்டே வருஷம் படித்தால் சம்பளம் இரட்டிக்கும். அப்போது அண்ணனை நன்றாகவே படிக்க வைக்கலாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன். பிறகு தங்கையின் கலியாணம்; பிறகு என் கலியாணம்; பிறகு ஊர் ஊராக உத்தியோகம். ஈனோ சொன்ன காரணத்தைக் காட்டிலும் என் காரணங்கள் ஒவ்வொன்றும் கௌரவமானவை. ஒரே ஒரு குறை: அவை வரிசையாக வந்தன.

என் கலியாணத்துக்குப் பின் ஒருநாள் அண்ணியார் பேச்சுவாக்கில் சொல்லித்தான், அந்த 1986ஆம் வருஷத்து ஆடி மாதத்தில் தமையனார் நேரங்கழித்து வேலைக்குச் சென்றதற்காகப் பல நாள் அரைச் சம்பளம் இழந்தார் என்பதை அறிந்தேன். பஸ்ஸுக்கு ஆகும் செலவைக் காட்டிலும் அது அதிகம். கணக்கில் கெட்டிக்காரரான அவருக்கு இது தெரியாமலிருந்திருக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டு செல்ல என் கால்களுக்கு வலுவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்கப் பந்தயங்களின் பிற்காலச் சரித்திரத்தை விரித்துரைக்க எனக்கு ஊக்கமில்லை. 1989இலும் 1990இலும் டிரம்ப் என்னும் தனவந்தரின் பெயரால் ஒன்று நடந்தது. 1991 முதல் 1996 வரை அதுவே டூபாண்ட் கம்பெனியின் பெயரால் நடந்தது. ஜார்ஜியா மாகாணத்தில் 2003 முதல் 2008 வரை. கலிபோர்னியாவில் 2006 முதல் 2019 வரை. செவன் இலெவன் குழு 1991இல் மோட்டோரோலா என்று பெயர் மாறி 1996இல் மறைந்தது. தபால் இலாகாவின் பெயரைத் தாங்கிய வேறொரு குழு 2004 வரையில் ஓடிற்று. அதன் தலைவர் ஆர்ம்ஸ்டிராங் பெற்ற ஏழு பிரெஞ்சு வெற்றிகளும், தடுக்கப்பட்ட மருந்துகளின் காரணமாக 2012இல் பறிக்கப்பட்டன. பிரான்சிலோ ஒரே பெயரில் 1903 முதல் பந்தயம் நடந்துவருகிறது, இரண்டு உலக யுத்தங்களுக்கு மாத்திரம் இடைவிட்டு. பணங்கொடுப்பவன் போய்விட்டால் பந்தயமும் போய்விடுவது அமெரிக்காவில் வழக்கமாயிற்று. ரோட்டை அடைத்துப் போலீசாரை நிறுத்தி நூறு மைல் ஓடுகிறார்கள். பார்ப்பவனிடம் சீட்டு விற்க முடியாது. ரோட்டோரத்தில் நிற்பவன் காசு கொடுப்பதில்லை. வேறு வருமானத்துக்கு வழியில்லாத விளையாட்டு, தர்மத்தையோ விளம்பரத்தையோ நம்பித்தானே பிழைக்க வேண்டும்!

நமது பக்கத்தில் இதற்கு மிக நெருங்கியதாக நான் கண்டது நீலகிரிச் சைக்கிள் சுற்று. ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ என்பார்கள். 2008ஆம் வருஷம் டிசம்பரில், பெங்களூரைச் சேர்ந்த சைக்கிள் ஆர்வலர்களால் தொடங்கப்பெற்றது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் சேரும் மலைப் பிரதேசங்களில் பல நாட்கள் செல்கிறார்கள். அதைப் பந்தயம் என்று சொல்லாமல் சுற்றுலா என்றே சொல்கிறார்கள். குறிப்பிட்ட சில பகுதிகளில் மாத்திரம் நேரங்கணக்கிட்டு வேகத்தைப் போற்றுகிறார்கள். வைத்தியரும் வியாபாரியும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தரும் சொந்தப் பணங்கட்டி வருகிறார்கள். இதன் பெயரில் தேநீரும் இல்லை, பீரும் இல்லை. மலையின் பெயர் இருக்கிறது. மலை எங்கும் போய்விடாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் தமையனாரை அழைத்துக்கொண்டு இதைப் பார்க்கச் சென்றேன். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவற்றில் ஒன்றின் ஓரத்துக் கல்லில் இருவரும் அமர்ந்தோம். முதலில் வந்தவர்கள், மேட்டையே அறியாதவர்கள் போலக் கடந்து சென்றார்கள். வெகுநேரங்கழித்துக் கடைசியாகச் சிலர் வந்தார்கள். அவர்களுள் ஒரு பருத்த மனிதர், நின்றுவிடுவாரோ என்னும்படியான வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அவரோடு ஓர் இளைஞன், ரோட்டின் இப்புறமும் அப்புறமுமாக வளைந்து வளைந்து, வேண்டுமென்றே தாமதித்துக்கொண்டு வந்தான்.

தமையனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேட்டில் இவ்வளவு மெல்லப் போகிறவனுக்குக் காற்று மறைக்க வேண்டியதில்லை. இருந்தும் கூடப் போகிறான் பார்” என்றார்.

அவர்கள் வளைவில் மறைந்த பிறகு நான் கேட்டேன்: “அண்ணா, அந்தச் சேர்க்கை அட்டை இன்னும் இருக்கிறதா?”

“பெட்டியில் இருக்கிறது.”

“நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்.”

“எனக்கு ஞாபகம் இருக்கிறது, தம்பி. நீ மறந்துவிட்டாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கீழே இறங்கும் பஸ்ஸில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

சென்ற வருஷம் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றுப் பம்மலுக்கே திரும்பினேன். பம்மல் இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. தமையனாருக்கு வயது 60க்கு மேல். தோற்சாலை மூடப்பட்டு நெடுநாளாயிற்று. அகன்றிருந்த முதுகு கூனிவிட்டது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் ஒன்று வாங்கிவந்து, சரித்திரம் என்னும் இடத்தில் விரலை வைத்து அவரிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு பக்கமும் படித்தார். “எழுத்துப் பொடியாயிருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்” என்று சொல்லி, தகரப் பெட்டியைத் திறந்து, பழைய அட்டையின் மேல் அதை வைத்து மூடினார்.

கண்ணாடிக்காரர் கடை தாம்பரத்தில் இருக்கிறது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரோட்டில் வண்டிகள் பெருகுவதற்கு முன்பாக, இருவரும் சைக்கிளில் புறப்பட்டோம். இம்முறை நான் முன்னே சென்றேன். குரோம்பேட்டை தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. பின்னே வருகிறாரா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முழ தூரத்தில், தலையைக் குனிந்து, என் பின்சக்கரத்தைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.

“என்னைப் பார்க்காதே. ரோட்டைப் பார்த்துப் போ” என்றார்.